ங-வுக்கு என்ன படம்?

கலர் அடிக்கும் அரிச்சுவடிப் புத்தகம் எதை எடுத்தாலும் ங-வுக்கான பக்கத்தில் ஒரு சின்ன ஏமாற்று வேலை இருக்கும். அணில், ஆடு, இலை என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த புத்தகம், க-வுக்குக் கரடியையோ கப்பலையோ போட்டுவிட்டு, ங வந்ததும் திருதிருவென்று விழிக்கும். பிறகு சங்கு போடும். சில புத்தகத்தில் சிங்கம், சிலதில் மாங்காய். சங்கு ச-வில் தொடங்குகிறது என்பது நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். "மிஸ், இது ச தானே?" என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும். புழக்கத்தில் இருக்கும் தமிழில் ங-வில் தொடங்கும் சொல் கிடையாது. அங்ஙனம், இங்ஙனம் என்பதைக் காட்டி இலக்கணக்காரர்கள் அதற்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள். அங்ஙனத்துக்கு எப்படிப் படம் போடுவது?

நான் இருப்பது கோலார் தங்கவயலில், பாலகாட்டில். இந்தப் பெயரில் முன்பு ஒரு சுரங்கமே இருந்தது. மற்றச் சுரங்கங்களுக்கு வெகு முன்பே அது நின்றுபோனது. பெயர் மட்டும் ஜனங்களோடு தங்கிவிட்டது. எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பெற்றவர்கள் பலரும் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள். பிள்ளைகள் ஆயாவிடம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கன்னடம் அல்லது இங்கிலீஷ். வீட்டில் பேசுவதும் சண்டை போடுவதும் தமிழ், ஆனால் அதை எழுதத் தெரியாது. ஒரு காலத்தில் இங்கே நிறைய இருந்த தமிழ் வழி வகுப்புகள் குறைந்துகொண்டே வந்துவிட்டன. அதனால் சாயங்காலத்தில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் சின்னதுகளை உட்கார வைத்து ஒரு நேரத்துக்கு ஓர் எழுத்து என்று சொல்லித்தருகிறேன். எழுத்தின் வெளிக்கோட்டைப் பெரிதாகப் போட்டு, ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் எடுத்து, உள்ளே கலர் அடிக்கச் சொல்வேன். விரல் அந்த வளைவுகளில் போய்ப் போய் வந்தால் பிறகு எழுதுவது தானாக வரும். மரியா மாண்டிசோரி இதையே உப்புத்தாளில் எழுத்து வெட்டிச் செய்தார். உலக யுத்த காலத்தில் சென்னை அடையாற்றில் தங்கி நம் ஆசிரியர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். எங்களிடம் உப்புத்தாள் இல்லை, கிரேயான் இருக்கிறது.

ஒரு பிள்ளையின் அம்மா கேட்டாள்: "ஏன்க்கா, இத விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா என்ன? இதுல ஒரு வார்த்தையும் இல்லையே. நேரம்தான் வீண்." அவள் ரயிலில் தூங்கி வந்த களைப்பில் கேட்டது இது. ஆனால் கேள்வி லேசானது இல்லை. பயன்படாத ஒன்றைப் பிள்ளைக்கு ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்? ஒன்று இருப்பதற்குப் பயன் மட்டும்தான் நியாயமா? இந்த ஊரில் இதைக் கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் குத்தும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது சொன்ன காரணமும் அதுதான். தங்கத்தின் விலையை விட அதை எடுக்கும் செலவு அதிகம் என்று கணக்கு காட்டினார்கள். கணக்கு பொய் இல்லை. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் ஒரு டன் கல்லை மேலே கொண்டுவந்தால் அதில் கிடைத்தது சில கிராம். ஆனால் அந்தக் கணக்கில் எங்களையும் ஒரு செலவாக எழுதியிருந்தார்கள்.

ங-வின் கணக்கைப் பாருங்கள். தமிழ் எழுத்து 247 என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் ஙா, ஙி, ஙீ என்று போகும் வரிசை முழுவதும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. பெரியார் 1935-லிருந்து குடிஅரசில் எழுதிக் காட்டிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-ல் ஏற்றபோது ணா, றா, னை, லை முதலான 13 எழுத்துகளின் உருவம் மாறியது. ங வரிசையை ஒருவரும் தொடவில்லை. யாரும் எழுதாத எழுத்தால் யாருக்குத் தொந்தரவு?

பயன்படாதது ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு ஔவையாரின் ஆத்திசூடியில் ஒரு பதில் இருப்பதாக நமக்கு உரைகாரர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ங என்ற ஓர் எழுத்து பயன்பட்டுக்கொண்டு, பயன்படாத தன் வரிசையையே காப்பாற்றுகிறதாம்; அதுபோல நீயும் உன் சுற்றத்தைத் தாங்கு என்பது பாடம். நல்ல புத்திதான், ஒரு சம்பளத்தில் பத்துப் பேர் சாப்பிட்ட லைன் வீட்டில் வளர்ந்தவள் நான், அதன் அருமை தெரியும். ஆனாலும் எனக்கு இந்த உரை பிடிப்பதில்லை. ஒருத்தன் சம்பாதிக்கிறவன், மற்றவர்கள் அவன் தயவில் உட்கார்ந்து தின்கிறவர்கள் என்ற பார்வை இதற்குள் இருக்கிறது. வீட்டில் சமைத்தவள், தண்ணீர் பிடித்தவள், ஷிப்டு முடிந்து வந்தவனின் துணியில் இருந்த மண்ணைத் துவைத்தவள் எல்லாரும் ஙா, ஙி, ஙீ ஆகிவிடுகிறார்கள். அதற்கும் மேலாக, ங தன் காலில் நிற்கிறது என்று உரைகாரர் நினைத்துக்கொள்கிறார். அது நிற்கவே இல்லை.

தாழ்வாரத்தில் நான் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் விதம் சாதாரணமானது. "கல்" சொல்லுங்கள் என்பேன். சொல்வார்கள். "தங்கம்" சொல்லுங்கள். சொல்வார்கள். ரெண்டு க-வும் ஒரே மாதிரி கேட்குதா? தொண்டையில் கையை வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லிப் பார்க்கும்போது அதுகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். கல்லில் இருக்கும் க வறட்டென்று உடைகிறது. தங்கத்தில் இருக்கும் க கையில் அதிர்கிறது. அதே எழுத்து, அதே வடிவம். பக்கத்தில் ங் வந்து உட்கார்ந்ததால் க மாறிவிட்டது. சரி, ங் எங்கிருந்து வந்தது? பின்னால் க வரப்போகிறது என்பதால் வந்தது. க இல்லாவிட்டால் அந்த இடத்தில் மூக்கு வேறு விதமாக ஒலித்திருக்கும்: பஞ்சில் ஞ், நண்டில் ண், பந்தில் ந், கம்பில் ம். யார் யாரைத் தாங்குகிறார்கள்?

இதற்குப் புத்த மார்க்கத்தில் சார்பு என்று பெயர். இது இருந்தால் அது. இது இல்லையென்றால் அதுவும் இல்லை. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிப்பது பன்னிரண்டு சார்புகளாகக் கோத்த இந்தச் சங்கிலியைத்தான். என் வீட்டில் இது புத்தகத்திலிருந்து வந்த விஷயம் மட்டும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை போய்ப் புத்த தீட்சை பெற்று வந்து சங்கம் தொடங்கினார். அதன் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர் பிடித்தன. பண்டிதர் 1914-ல் போன பிறகு, 1926 முதல் அவருடைய 'தமிழன்' பத்திரிகையை இந்தத் தங்கவயலில் இருந்தே நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட புத்தகங்கள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர் அவர்.

பண்டிதர் எழுத்தைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். பாலி மொழி ஒலியாக மட்டும் இருந்ததாம். தன் போதனை நிலைப்பதற்காகப் புத்தரே சமஸ்கிருதத்துக்கும் தமிழுக்கும் வரிவடிவம் உண்டாக்கினாராம். தமிழை அகத்தியருக்குக் கொடுத்தாராம். சரித்திரம் படித்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள், நானும் பிள்ளைகளுக்கு இதைச் சரித்திரமாகச் சொல்வதில்லை. ஆனால் எழுத்து பிரம்மாவின் முகத்திலிருந்து வந்தது, அதனால் சிலருக்குத்தான் உரியது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்றவரிடமிருந்து வந்தது எழுத்து என்று ஒருவர் எழுதியது எங்கள் லைன்களில் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பலகையை எடுத்துக்கொண்டு இரவுப் பள்ளிக்குப் போக வைத்தது.

புத்தர் பள்ளிக்கூடம் போன கதை லலிதவிஸ்தரத்தில் வருகிறது. சின்ன சித்தார்த்தன் வாத்தியாரிடம் 64 லிபிகளின் பெயரைச் சொல்லி இவற்றில் எதைக் கற்றுத் தருவீர்கள் என்று கேட்கிறான். அந்தப் பட்டியலில் திராவிட லிபியும் உண்டு. வாத்தியார் பாவம். பிறகு பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்திலிருந்தும் ஒரு தர்மம் ஒலிக்கிறது. அ என்றதும் எல்லாம் அநித்தியம் என்று கேட்கிறது. க-வில் கர்ம பலன். மூன்றாவது க-வில், அதாவது தங்கத்தில் நாம் உச்சரிக்கும் க-வில், ஆழமான சார்புத் தோற்றம். ங வந்ததும்? அங்க சுத்தி. அங்கம் அ-வில் தொடங்குகிறது! இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் அந்தப் பெரிய நூலைக் கட்டிய பிக்குகளும் இந்த இடத்தில் என்னைப் போலவே முழித்திருக்கிறார்கள். ங-வுக்கென்று சொந்தமாக ஒரு சொல்லும் கிடைக்காமல், வேறோர் எழுத்தின் வீட்டுக்குள் போய் அதைத் தேடி எடுத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு தைரியமும்.

எங்கள் ஊரின் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம். சுரங்கம். ஷிப்டுக்குக் கூப்பிட்ட சங்கு. தொழிலாளிகளைச் சேர்த்த சங்கம். நாலிலும் நடுவில் ஒளிந்துகொண்டு இருப்பது இந்த ங்தான். பெயர்ப் பலகையில் முதல் எழுத்தாக அது எங்கும் வராது. அதை எடுத்துவிட்டால் ஊரே இல்லை.

பிள்ளைகள் எழுத்துக்குக் கலர் அடிப்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அ-வுக்கும் ஆ-வுக்கும் அடிக்கும்போது கண் அணில் மேலும் ஆட்டின் மேலும்தான் இருக்கும். எழுத்துக்கு ஏனோதானோவென்று ஒரு இழுப்பு. அணிலுக்கு மூணு கோடு போட்டாயிற்றா, வேலை முடிந்தது. ங-வுக்கு நான் படம் போடுவதில்லை. அதனால் எழுத்தைத் தவிரப் பார்க்க வேறு எதுவும் இல்லை. ஒரு பெண் அதை யாரோ மண்டி போட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றாள். இன்னொருத்தன், கிரேயானை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த இடம் முழுவதையும் கருநீலமாக அடித்தான். வளைவுக்குள் இருந்த சின்னச் சந்தைக் கூட விடவில்லை. ரொம்ப நேரம் எடுத்தது. கடைசியில் தாளில் ஒரு இடமும் பாக்கி இல்லாமல், கலர் படாத வெள்ளை ங ஒன்று பளிச்சென்று நின்றது.

பக்கத்திலிருந்த ஆயா, "என்னடா இது, தப்பா அடிச்சிட்டியே" என்றாள். தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. திக்நாகர் என்ற பௌத்தத் தர்க்க ஆசிரியர் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய நூல்கள் சொல்கின்றன. மணிமேகலையின் 29-ஆம் காதையில் வரும் தர்க்கம் அவருடைய மரபைச் சேர்ந்தது. ஒரு சொல் எப்படிப் பொருளைச் சொல்கிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்துக்கு அபோகம் என்று பெயர். பசு என்ற சொல் பசுத்தன்மை என்று ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டுவதில்லை. பசு அல்லாத எல்லாவற்றையும் விலக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. படித்தபோது எனக்கு ஏறாத விஷயம். அந்தக் கருநீலத் தாளைப் பார்த்த பிறகு ஏறியது. எழுத்துக்குள் எதுவும் இல்லை. அது அல்லாததை எல்லாம் ஒழுங்காக அடித்து முடித்தால் அது தெரிகிறது. பையனுக்குத் திக்நாகர் தேவைப்படவில்லை.

இதை நான் ஒரு சைவப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. எழுத்து வெறும் அடையாளமாக இருக்க முடியாது, அஞ்செழுத்தில் சிவனே இருக்கிறான், அதன் மேல் பிள்ளைகள் மெழுகைத் தேய்த்து மிதித்துக்கொண்டு போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை என்றார். தாளை மிதித்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கும் உண்டு, அதை நான் விடப்போவதில்லை. ஆனால் புனிதம் என்று சொல்லி எட்டத்தில் வைத்த எழுத்து எங்கள் ஆட்களிடம் வந்து சேர எத்தனை தலைமுறை ஆனது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேரளத்தில் வித்தியாரம்பத்தன்று தங்க மோதிரத்தால் குழந்தையின் நாக்கில் எழுதுவார்கள். அந்தத் தங்கத்தைத் தோண்டிக் கொடுத்த வீடுகளில் மோதிரம் ஏது? எங்களுக்குக் கிரேயான்தான் கட்டுப்படியாகும். திண்ணைப் பள்ளிக்கூட நாளில் மணலில் எழுதிப் பழகினார்கள். இங்கே மலைமலையாக மணல் இருந்தும் பிள்ளைகளை அதில் கை வைக்க விடமாட்டோம். அது சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைடு மேட்டு மண்.

எழுத்து வந்து சேராத கைகளுக்கு இருந்தது ரேகைதான். அதைப் பற்றித் தாத்தாவின் கதையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1930 ஏப்ரலில் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யப்போவதாக நிர்வாகம் அறிவித்ததும் தங்கவயல் முழுவதும் வேலையை நிறுத்தியது. மூன்று வாரம் ஒருவரும் கீழே இறங்கவில்லை. தாத்தாவுக்கு வட்டிக்காரனிடம் கைநாட்டு வைத்துப் பழக்கம்தான். ஆனால் அது அவர் வைத்தது. இது அவரிடமிருந்து எடுப்பது. அந்த வித்தியாசம் படிக்காத அவருக்குத் தெரிந்திருந்தது. ரேகை ஒருவனுக்கு ஒன்று, இன்னொருவனோடு சேராது, எந்தச் சொல்லும் ஆகாது. ஆளைத் தனியாகப் பிரித்து அடையாளம் கண்டு வெளியே தள்ள அதைவிட நல்ல கருவி இல்லை. எழுத்தின் குணம் நேர்மாறானது. யாருக்கும் சொந்தம் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அதற்கு வேலையும் இல்லை. மற்ற எழுத்துகள் இந்தக் குணத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொள்கின்றன. ஆ என்றால் மாடு, தீ என்றால் நெருப்பு, பூ, கை, வா, போ என்று தனியாகவே சொல்லாகி, ஏதோ தனக்கென்று ஒரு சொத்து இருப்பது போல நடந்துகொள்கின்றன. ங-வுக்கு அந்த வேஷம் இல்லை. ஆத்மா என்று தனியாக, மாறாமல் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை என்று புத்தர் சொன்னதை நாலு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டுமென்றால் நான் இந்த எழுத்தைத்தான் கொடுப்பேன்.

அந்த அம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ரயிலில் வந்தவளை நிற்க வைத்து அனாத்மவாதம் பேசக் கூடாது. "உன் பொண்ணுகிட்டயே தங்கம் சொல்லச் சொல்லு, தொண்டையில கை வச்சுப் பாரு" என்றேன். பார்த்தாள்.

கலர் புத்தகம் அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ங பக்கத்தில் படம் போடாதீர்கள். சங்கை ச-வுக்குக் கொடுத்துவிடுங்கள், சிங்கமும் அங்கேயே போகட்டும். எழுத்தின் வெளிக்கோடு மட்டும் பெரிதாக, நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு இருந்தால் போதும். கீழே தங்கம், சுரங்கம், நுங்கு என்று நாலைந்து சொல், ங் மட்டும் உள்ளே வெற்றாக விட்டு. வழவழப்பான காகிதம் வேண்டாம். கிரேயான் அதில் பிடிப்பதில்லை, விலையும் ஏறிவிடுகிறது.